தம்பியின் கழுத்து

நோயாளிகள் அவளுக்கு வைத்த பெயர் சொடக்கு டாக்டர். அவள் டாக்டர் இல்லை, பிசியோதெரபிஸ்ட். அதைத் திருத்திச் சொல்லிச் சொல்லி வாய் வலித்துப்போய், ஒரு கட்டத்தில் விட்டுவிட்டாள். ஆனால் 'சொடக்கு' என்ற பாதியை மட்டும் விடாமல் திருத்திக்கொண்டே இருந்தாள்.

"எலும்பு விலகி இருந்து, நான் தள்ளினதும் டக்குனு இடத்துல போய் உக்காந்துச்சுன்னு நெனைக்காதீங்க. மூட்டுக்குள்ள இருக்கற திரவத்துல சின்னதா ஒரு காத்துக்குமிழி. அதோட சத்தம்தான் அது."

கேட்டுத் தலையாட்டுவார்கள். எழுந்து வெளியே போய், பெஞ்சில் காத்திருப்பவரிடம், "எலும்பு விலகி இருந்துச்சாம், ஒரே தட்டுல சேர்த்துட்டாங்க" என்பார்கள். திரைக்கு இந்தப் பக்கம் நின்று அவள் சிரித்துக்கொள்வாள்.

ஆஸ்பத்திரியின் தரைத்தளத்தில், எக்ஸ்ரே அறையைத் தாண்டி அவளுடைய அறை. முகம் புதைக்க ஓட்டை வைத்த உயரமான கட்டில், அதன்மேல் விரிக்கும் காகிதச் சுருள், ஒரு ஸ்டூல், கை கழுவும் தொட்டி. குள்ளமான உருவம், நாற்பதைத் தாண்டிய வயது. கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு மரப்பலகை போட்டு அதன்மேல் ஏறி நின்றுதான் வேலை செய்வாள். கையைப் பார்த்தால் பலசாலி என்று தோன்றாது. பலம் தேவையும் இல்லை. நோயாளி மூச்சை விட்டு முடிக்கும் நேரம் பார்த்து, அவர் எதிர்பார்ப்பதற்குள் ஒரு சின்ன உந்தல். அவ்வளவுதான் வித்தை. இருபது வருடமாக அதைச் செய்து வந்தாள். இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்தவர்கள் நிமிர்ந்து போவதைப் பார்த்திருக்கிறாள். அதனால் தன் கைமேல் அவளுக்கு ஒரு கர்வம் இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய்.

அந்தக் கர்வத்தைத்தான் பேராசிரியர் சீண்டினார். முதுகுவலி, கழுத்துவலிக்கு முதுகெலும்பைக் கையால் தள்ளிச் செய்யும் சிகிச்சை உண்மையிலேயே உதவுகிறதா என்று ஓர் ஆய்வு தொடங்கப்போவதாகச் சொன்னார். வார்த்தைக்கு வார்த்தை நிறுத்திப் பேசுகிற மனிதர்.

"உங்ககிட்ட வர்றவங்களுக்குக் குணமாகுது. அதை நான் மறுக்கல. ஆனா உங்க கையால ஆகுதா, நீங்க அக்கறையா பேசறதால ஆகுதா, இல்ல எதுவுமே செய்யாம இருந்தாலும் ஆகியிருக்குமா? உங்களுக்குத் தெரியுமா?"

தெரியாது என்று சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. தெரியும் என்று சொல்லவும் முடியவில்லை. "சரி, பாத்துடுவோம் சார்" என்றாள்.

வருகிறவர்களைச் சீட்டுப் போட்டு மூன்று பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு நிஜச் சிகிச்சை. ஒரு பிரிவுக்குப் பாவனை: அதே கட்டில், அதே பிடி, அதே 'மூச்சை விடுங்க', கடைசி உந்தல் மட்டும் இருக்காது. மூன்றாவது பிரிவுக்கு உடற்பயிற்சி, நடை, ஆலோசனை. முதல் இரண்டையும் அவள் செய்ய வேண்டும். ஒவ்வொரு நோயாளிக்கும் ஒட்டிவரும் உறையைப் பிரித்துப் பார்த்த பிறகுதான் எது என்று அவளுக்கே தெரியும். நோயாளிக்குத் தெரியவே கூடாது.

பாவனைதான் கஷ்டமாக இருந்தது. முகத்தில் பொய் தெரியக் கூடாது. முதல் வாரம் அவள் தன் கணவரைப் படுக்கவைத்து ஒத்திகை பார்த்தாள். அவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர், எதையும் கூர்ந்து பார்த்தே பழகியவர். "இப்ப செஞ்சது பொய்தானே? உன் மூச்சு மாறிடுது" என்று ஒவ்வொரு தடவையும் கண்டுபிடித்தார். அவர் கண்டுபிடிக்க முடியாமல் போன அன்றுதான் அவளுக்குத் தைரியம் வந்தது.

கழுத்துவலிக்காரர்களுக்கு இன்னொரு சடங்கும் உண்டு. தொடுவதற்கு முன்னால் சில கேள்விகளை வாய்விட்டுக் கேட்க வேண்டும். இந்த மாதிரி வலி இதுக்கு முன்னாடி வந்திருக்கா? தலைசுத்தல் இருக்கா? பார்வை ரெண்டா தெரியுதா? முழுங்கறப்போ சிரமமா? முகத்துல எங்கயாவது மரத்துப் போகுதா? முதல் கேள்விக்கு 'இல்லை' என்றோ, மற்றவற்றில் ஒன்றுக்கு 'ஆமாம்' என்றோ வந்தால் கையை எடுத்துவிட வேண்டும். கழுத்தெலும்பின் ஓட்டைகள் வழியாக மூளைக்கு ரத்தக்குழாய் ஏறுகிறது. அது ஏற்கெனவே பழுதுபட்டிருந்தால் திருப்பக் கூடாது. எப்போதாவது ஒருவருக்கு, எங்கேயோ ஒரு ஊரில், அந்தக் குழாய் கிழிந்ததாகப் படித்திருக்கிறாள். அவள் கையில் அப்படி ஒன்று நடந்ததில்லை.

பெயிண்டராக இருக்கும் அவளுடைய தம்பியை உடன் வேலை செய்பவர்கள் எல்லோரும் ஏணி என்பார்கள். அவ்வளவு உயரம். மற்றவர்கள் சாரம் கட்டும் இடத்தில் அவன் ஒரு பலகைமேல் நின்றே சீலிங் அடித்துவிடுவான். அதனால் எங்கே போனாலும் சீலிங் வேலை அவன் தலையில்தான் விழும். நாள் முழுக்க அண்ணாந்து நிற்பதால் கழுத்து பிடிப்பதும், அக்காவிடம் வந்து உட்காருவதும் அவனுக்கு வழக்கம். அவள் படிக்கிற காலத்தில் பழகிப் பார்த்த முதல் கழுத்தே அவனுடையதுதான். ஆராய்ச்சியில் தன்னையும் சேர்த்துக்கொள்ளச் சொல்லிக் கேட்டான். உறவுக்காரர்களைச் சேர்க்க விதி இடம் கொடுக்கவில்லை.

"உனக்கு எதுக்குடா ஆராய்ச்சி? உன் மூஞ்சியைப் பாத்தா பாவனை பண்றப்போ எனக்குச் சிரிப்பு வந்துடும்" என்றாள்.

அன்று காலை அவன் போன் செய்தபோது அவள் கட்டிலில் காகிதம் விரித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, கழுத்து பிடிச்சிருக்கு. வலது பக்கம், பின்மண்டை வரைக்கும் ஏறுது. ரெண்டு மூணு நாளா இருக்கு. இது வேற மாதிரி இருக்குக்கா."

"உனக்கு ஒவ்வொரு தடவையும் வேற மாதிரிதான்டா."

"நாளைக்கு வீட்டைக் கொடுக்கணும். ஹால் சீலிங் பாதியில நிக்குது. மத்தியானம் ஒரு எட்டு வந்துட்டுப் போயேன்."

ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துத் தெருவில்தான் அந்தப் புதுக் கட்டடம். லிஃப்டின்மேல் சுற்றிய பிளாஸ்டிக்கைக்கூட இன்னும் பிரிக்கவில்லை. மூன்று மாடி ஏறி மூச்சு வாங்க உள்ளே போனாள். ஹாலில் இரண்டு முக்காலிக்கு நடுவே பலகை. தரை முழுக்கப் பழைய துணி. சுவருக்குப் பட்டி பூசுகிற பெரியவர் அடுத்த அறையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஏணி ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதில் உட்கார்ந்திருந்தான். புருவத்தில் வெள்ளைப் பெயிண்ட்.

"கெழவன் மாதிரி நரைச்சுப்போய் உக்காந்திருக்கே."

"சீக்கிரம் பண்ணுக்கா, ரோலர் காஞ்சிடும்."

பிற்பகல் நோயாளிகள் அவளுக்கும் காத்திருந்தார்கள். அவன் பின்னால் நின்று, தலையைத் தன் மார்போடு அணைத்து, விரல் கணுவைக் கழுத்தில் பதித்தாள். தசை இரும்பாக இறுகியிருந்தது. "மூச்சை விடு" என்றாள். விட்டான். திருப்பினாள். அடுத்தடுத்து இரண்டு சொடக்கு.

"இப்பத்தான் உயிர் வந்துச்சு" என்று அவன் எழுந்தான். கழுத்தை இப்படியும் அப்படியும் ஆட்டிப் பார்த்தான். அவள் கைப்பையை எடுத்தாள். ரோலரை எடுக்கக் குனிந்தவன் குனிந்த வாக்கில் நின்றான்.

"அக்கா, தரை ஏன் சாயுது?"

விளையாட்டு அவனுக்குக் கைவந்த கலை. அவள் சிரித்துக்கொண்டே திரும்பினாள். அவன் வலது கண்ணிமை பாதி இறங்கியிருந்தது. சுவரைப் பிடிக்கக் கை நீட்டினான். சுவர் இருந்தது ஒரு பக்கம், கை போனது வேறு பக்கம். அப்படியே துணியின்மேல் சரிந்து வாந்தி எடுத்தான்.

சந்தேகம் என்ற கட்டமே அவளுக்கு வரவில்லை. கழுத்து ரத்தக்குழாய்தான் என்று பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது. கை அதன்பாட்டில் வேலை செய்தது. அவனை ஒருக்களித்துப் படுக்கவைத்தது, தலை அசையாமல் இரண்டு பக்கமும் துணியைச் சுருட்டி வைத்தது.

"பெரியவரே, ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க. மூணாவது மாடி, லிஃப்ட் இல்லைன்னு சொல்லுங்க. ஆளுங்களை வரச்சொல்லுங்க."

பெரியவர் கையில் சோற்றோடு வந்து நின்றார். "என்னம்மா ஆச்சு? நல்லாத்தானே பேசிக்கிட்டு இருந்தான்."

"கூப்பிடுங்க முதல்ல."

"அக்கா," ஏணியின் குரல் கரகரத்து, வேறு யாரோ பேசுவது போல இருந்தது. "மூஞ்சி ஒரு பக்கம் மரத்துப் போகுதுக்கா."

"ஒண்ணுமில்லடா. தலையை ஆட்டாதே. என்னையே பாரு."

"நீ ரெண்டு பேரா தெரியறே. ஒருத்தியே தாங்க மாட்டேன் நான்."

அந்த நிலையிலும் அவனுக்கு அப்படிப் பேச வந்தது.

கீழ்மாடிகளில் டைல்ஸ் ஒட்டிக்கொண்டிருந்தவர்கள் வந்து ஸ்ட்ரெச்சரைத் தூக்கினார்கள். உயரமான ஆள். படி திரும்பும் இடத்தில் ஒவ்வொரு தடவையும் கால் சுவரில் இடித்தது. "கழுத்து அசையக் கூடாது, மெதுவா" என்று சொல்லிக்கொண்டே தலைப்பக்கம் பின்னோக்கி இறங்கினாள். ஆம்புலன்ஸில் இருந்தவர் என்ன நடந்தது என்று கேட்டார். "திடீர்னு தலைசுத்தல், வாந்தி" என்றாள். தம்பி மனைவிக்குப் போன் போட்டாள். அவள் மழலையர் பள்ளி ஆசிரியை, வீட்டில் எல்லோருக்குமே டீச்சர்தான். அவளிடமும் அதையேதான் சொன்னாள். "தலைசுத்தி விழுந்துட்டான். பயப்படாம கிளம்பி வா."

சொன்னது பொய் இல்லை. ஆனால் முழுதாகவும் இல்லை. வண்டி போய்க்கொண்டிருக்கும்போது அவளுக்குள் ஒரு யோசனை வந்து உட்கார்ந்தது. இவன் நாள் முழுக்க அண்ணாந்து நிற்கிறவன். வலி ஏற்கெனவே இருந்தது. சீலிங்கால் வந்தது என்று யாரும் நம்புவார்கள். பெரியவர் அடுத்த அறையில் இருந்தார், எதையும் பார்க்கவில்லை. அந்த யோசனை எவ்வளவு இதமாக இருந்தது என்பதுதான் அவளைப் பயமுறுத்தியது.

அவசரப் பிரிவில் டீச்சர் அவர்களுக்கு முன்பே வந்து நின்றிருந்தாள். விரல்களில் பிள்ளைகளின் மெழுகு வண்ணம் ஒட்டியிருந்தது. அக்காவைப் பார்த்ததும் ஓடிவந்து மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "அண்ணி, நீங்க கூட இருந்தீங்களே, அதுவே போதும்."

டியூட்டி டாக்டர் இளைஞர். ஏணியின் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தார். விரலைத் தொடச் சொன்னார். குளிர்ந்த உலோகத்தைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார்.

"காதுப் பிரச்சினையாலயும் இப்படித் தலை சுத்தும். ஆனா இமை இறங்கியிருக்கு, அது எனக்குப் பிடிக்கல. கழுத்துல அடி, திருகல் ஏதாவது பட்டுச்சா?"

"இல்ல டாக்டர்," என்றாள் டீச்சர். "காலையில நல்லாத்தான் வேலைக்குப் போனாரு."

டாக்டர் எழுதக் குனிந்தார். டீச்சரின் கை இன்னும் அக்காவின் மணிக்கட்டில்தான் இருந்தது.

"நான் திருப்பினேன்" என்றாள் அக்கா.

டாக்டர் நிமிர்ந்தார்.

"நான் பிசியோதெரபிஸ்ட். கழுத்துவலின்னு கூப்பிட்டான். கழுத்தைத் திருப்பிச் சொடக்கு எடுத்தேன். ரெண்டு நிமிஷத்துக்குள்ள ஆரம்பிச்சுடுச்சு. வலி ரெண்டு மூணு நாளாவே இருந்திருக்கு, வலது பக்கம், பின்மண்டை வரைக்கும். கழுத்து ரத்தக்குழாயைப் பாருங்க டாக்டர்."

"எந்தப் பக்கம் திருப்பினீங்க? எத்தனை மணிக்கு?"

சொன்னாள். அவர் அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. நர்ஸைக் கூப்பிட்டார், ஸ்கேன் அறைக்குப் போன் போட்டார். ஸ்ட்ரெச்சர் கதவைத் தாண்டிப் போனது. அப்போதுதான் தன் மணிக்கட்டில் கை இல்லை என்பதை அக்கா கவனித்தாள்.

நடைபாதையில் இரண்டு பேரும் எதிரெதிர் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். டீச்சர்தான் முதலில் பேசினாள். குரலை உயர்த்தவே இல்லை. வகுப்பில் பிள்ளைகளிடம் பேசுகிற அதே நிதானம்.

"அண்ணி, இப்படி ஆகும்னு உங்களுக்குத் தெரியுமா?"

"எப்பவாவது ஒருத்தருக்கு ஆகலாம்னு தெரியும்."

"தெரிஞ்சேதான் செஞ்சீங்களா?"

"அவனுக்கு ஆகும்னு நெனைக்கல."

"மத்தவங்களுக்குச் செய்யறதுக்கு முன்னாடி ஏதோ கேள்வியெல்லாம் கேப்பீங்கன்னு அவரு சொல்லியிருக்காரு. அவருகிட்ட கேட்டீங்களா?"

"கேக்கல."

"ஏன்?"

"தம்பிதானேன்னு."

டீச்சர் எழுந்து, நடைபாதையின் கடைசியில் இருந்த வேறு பெஞ்சுக்குப் போய் உட்கார்ந்துகொண்டாள்.

ஸ்கேனில் தெரிந்துவிட்டது. வலது பக்கக் கழுத்து ரத்தக்குழாயின் உள்சுவர் கிழிந்து, அங்கே உறைந்த ரத்தத்தின் துணுக்கு மூளையின் அடிப்பகுதிக்குப் போய் அடைத்திருந்தது. சரியான நேரத்தில் கண்டுபிடித்ததால் உறைதலைத் தடுக்கும் மருந்தை உடனே தொடங்க முடிந்தது என்றார் நரம்பியல் மருத்துவர். அவர் இன்னொன்றும் சொன்னார். அவனுக்கு வந்த கழுத்துவலியே அந்தக் கிழிசலின் வலியாக இருந்திருக்கலாம். அண்ணாந்து வேலை செய்ததில் கிழிந்திருக்கலாம். அப்படி வலி வந்தவர்கள்தான் கழுத்தைப் பார்க்கச் சொல்லி யாரிடமாவது போகிறார்கள்.

"அப்போ அண்ணி பண்ணினதால இல்லையா டாக்டர்?" என்று டீச்சர் கேட்டாள்.

"அப்படியும் சொல்ல முடியாதும்மா. கிழிசல் முன்னாடியே இருந்து, திருப்பினதுல துணுக்கு நகர்ந்திருக்கலாம். புதுசா கிழிஞ்சிருக்கலாம். யாரும் தொடாம இருந்தாலும் இன்னிக்கோ நாளைக்கோ இது நடந்திருக்கலாம். இதுல எதுன்னு எந்த ஸ்கேனும் சொல்லாது."

இதைக் கேட்டு அக்காவுக்கு ஆறுதல் வந்திருக்க வேண்டும். வரவில்லை. 'நீதான் செய்தாய்' என்று சொல்லியிருந்தால் தலையில் வாங்கிக்கொண்டிருப்பாள். 'நீ இல்லை' என்றால் காலில் விழுந்திருப்பாள். இரண்டும் இல்லாமல் நடுவில் விட்டுவிட்டார்கள்.

மறுநாள் காலை பேராசிரியரின் அறைக்குப் போய் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். ஆய்வில் சேர்ந்தவன் இல்லை, விதிப்படி இது கணக்கில் வராது என்று அவர் சொல்லிவிடுவார் என எதிர்பார்த்தாள். சொல்லிவிட மாட்டாரா என்று மனதின் ஓர் ஓரம் ஏங்கவும் செய்தது.

"விதிப்படி இது நம்ம ஆய்வுக்குள்ள வராது" என்று அவர் சொன்னார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஆனா அதே கைதான், அதே திருப்பல்தான். கழுத்துப் பிரிவை இன்னிக்கே நிறுத்தறேன். ஆய்வை மேற்பார்க்கற நெறிமுறைக் குழுவுக்கு நானே எழுதறேன். நீங்க வந்து பேசணும்."

குழு கூடிய அறையில் நீளமான மேசை, அவளுக்கென்று ஒரு தனி நாற்காலி. மருத்துவர்களோடு வக்கீல் ஒருவரும் இருந்தார், நரைத்த கூந்தலை இறுக முடிந்த பெண்மணி. மற்றவர்கள் ரத்தக்குழாய், மருந்து என்று கேட்டுக்கொண்டிருக்க, அவர் மட்டும் கடைசிவரை காத்திருந்தார்.

"வேற யாராவது அதே வலியோட உங்க அறைக்கு வந்திருந்தா கேள்விகளைக் கேட்டிருப்பீங்களா?"

"கேட்டிருப்பேன்."

"உங்க தம்பி என்ன பதில் சொல்லியிருப்பாரு?"

"இந்த மாதிரி வலி முன்னாடி வந்ததில்லைன்னு சொல்லியிருப்பான். கேக்காமலேயே சொன்னான். நான் கிண்டல் பண்ணினேன்."

"அந்தப் பதிலுக்கு அப்புறம்?"

"தொட்டிருக்க மாட்டேன்."

அறையில் யாரோ பேனாவை மூடும் சத்தம் கேட்டது. வக்கீல் தலையசைத்தார். கோபமாகவும் இல்லை, இரக்கமாகவும் இல்லை. "நன்றி" என்றார்.

கழுத்தைத் திருப்பும் சிகிச்சையை ஆய்விலிருந்து எடுத்துவிட்டார்கள். இடுப்பு, கீழ்முதுகுப் பகுதி தொடரலாம் என்றார்கள். அவள் தொடர்வதும் தொடராததும் அவள் விருப்பம். ஆஸ்பத்திரி நிர்வாகம் ஒரு எச்சரிக்கையோடு விட்டது.

இதற்கிடையில் ஏணி படுக்கையில் கிடந்தான். தண்ணீர்கூட விழுங்க முடியாமல் மூக்கு வழியாகக் குழாய். விக்கல் வந்தால் நாள் கணக்கில் நிற்காது. இடது கையைச் சுடுநீரில் வைத்தால் ஈரம் தெரிந்தது, சூடு தெரியவில்லை. அவள் தினமும் போனாள். அவள் உள்ளே வந்தால் டீச்சர் எழுந்து வெளியே போய்விடுவாள். சண்டை இல்லை, ஒரு வார்த்தை இல்லை. கதவு மெதுவாகச் சாத்தப்படும்.

ஒருநாள் அவன் தலையணை சரிந்திருந்தது. சரிசெய்வதற்காக அவள் கை நீட்டினாள். அவன் கழுத்து சட்டென்று தோளுக்குள் இழுத்துக்கொண்டது, ஆமை போல. வேண்டுமென்று செய்தது இல்லை. செய்த பிறகு அவனுக்கே முகம் மாறிவிட்டது.

"விக்கல்க்கா" என்றான்.

"சரிடா" என்றாள். தலையணை சரிந்தபடியே இருந்தது. நர்ஸைக் கூப்பிட்டுச் சரிசெய்யச் சொல்லிவிட்டு வெளியே வந்தாள். மாடிப்படி முனையில் உட்கார்ந்து, இத்தனை நாள் வராத அழுகையை அழுது தீர்த்தாள்.

அவள் கணவர் ஒன்றுதான் சொன்னார். "வேலையை விடணும்னா விடு. ஆனா பயத்துல விடாதே. யோசிச்சு விடு."

யோசித்தாள். ஆய்வு பாதியில் நிற்கிறது. அவள் பாவனை செய்துகாட்டி ஏமாற்றிய நோயாளிகளுக்கு ஒரு பதில் பாக்கி இருக்கிறது. விடை தெரியாமல் ஓடிப்போனால், தன் கை உதவியதா இல்லையா என்பதும் அந்த ஸ்கேனைப் போலவே நடுவில் நின்றுவிடும். மறுபடி வேலைக்குப் போனாள்.

முதலில் வந்தவர் தபால் பிரிக்கும் வேலை செய்யும் ஒரு பெண். இடுப்புவலி. கட்டிலில் ஒருக்களித்துப் படுத்து, "எதாவது பண்ணி நிமித்தி விடுங்க டாக்டர்" என்றார். அக்கா திரைக்கு அப்பால் போய் உறையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். பிரிக்க விரல் வரவில்லை. நிஜம் என்று இருந்தால் என்ன செய்வது? பிரித்தாள். பாவனை என்று இருந்தது. உறையைத் தொட்டி ஓரத்தில் வைத்துவிட்டுக் கை கழுவினாள். பிறகு பலகைமேல் ஏறி, பிடியைப் போட்டு, "மூச்சை விடுங்க" என்றாள். ஒன்றும் செய்யாமல் கையை எடுத்தாள்.

அந்தப் பெண் எழுந்து நின்று இடுப்பை வளைத்துப் பார்த்தார். "கை வச்சதுமே பாதி போயிடுச்சு டாக்டர்" என்றார்.

சிரிக்கவும் முடியவில்லை, அழவும் முடியவில்லை. "சந்தோஷம்மா" என்று அனுப்பிவைத்தாள்.

அடுத்த உறையில் நிஜம் வந்தது. தடித்த உடம்புக்காரர், மூட்டை ஏற்றும் தொழிலாளி. கீழ்முதுகில் கை வைத்தவள் கையை எடுத்துவிட்டாள். கேட்க வேண்டிய எல்லாவற்றையும் கேட்டு முடித்திருந்தாள். மறுபடி ஒருமுறை கேட்டாள். "அதான் சொன்னேனேம்மா" என்று அவர் சலித்துக்கொண்டார். அவர் மூச்சை விட்டபோது அவளுடைய கை அசையவில்லை. இரண்டாவது மூச்சிலும் அசையவில்லை. மூன்றாவதில் தள்ளினாள். சொடக்கு சத்தம் கேட்டதும் அவள் குனிந்து பார்த்தது அவர் முதுகை இல்லை, கண்களை. இரண்டு இமையும் சமமாக இருந்தன. "என்னம்மா அப்படிப் பாக்கறீங்க?" என்றார் அவர்.

ஆய்வு முடிந்து பேராசிரியர் முடிவைச் சொன்ன நாளில் கூட்ட அறையில் சிலர்தான் இருந்தார்கள். கீழ்முதுகுவலிக்கு, நிஜச் சிகிச்சை பாவனையைவிட முதல் சில வாரங்களில் கொஞ்சம் கூடுதலாக உதவியிருந்தது. உடற்பயிற்சிப் பிரிவோடு ஒப்பிட்டால் பெரிய வித்தியாசம் இல்லை. மாதங்கள் போகப் போக மூன்று பிரிவும் கிட்டத்தட்ட ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்தன. கழுத்தைப் பற்றிச் சொல்லப் போதிய ஆட்கள் இல்லை. "லட்சக்கணக்கானவங்கள்ல ஒருத்தருக்கு வர்ற ஆபத்தை நூத்துக்கணக்கான பேரை வச்சுக் கண்டுபிடிக்க முடியாது" என்று பேராசிரியர் நிறுத்தி நிறுத்திச் சொன்னார். அவள் பக்கம் திரும்பாமல்தான் சொன்னார்.

அன்று மாலை தம்பி வீட்டுக்குப் போனாள். ஏணி இப்போது நடக்கிறான், லேசாக வலது பக்கம் சாய்ந்து. குரல் முக்கால்வாசி திரும்பிவிட்டது. சீலிங் வேலை வேண்டாம் என்று டாக்டர் சொன்னதால் சுவர் மட்டும் அடிக்கிறான். அதுவும் மார்பு உயரத்துக்கு மேலே வேறு ஆள்.

"முடிவு என்னக்கா?"

"கொஞ்சம் உதவுது. உடற்பயிற்சி அளவுக்கு."

"இவ்வளவுதானா? இதுக்கா இத்தனை பாடு?"

"இவ்வளவுதான்டா."

அவன் சிரித்தான். அவளும் சிரித்தாள். உள்ளே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த சத்தம் நின்றது. டீச்சர் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வாசற்படியில் வந்து நின்றாள். ஒரு கை இடுப்பில் இருந்தது. இத்தனை மாதமாக அவனைத் தூக்கி உட்காரவைத்து, பிடித்து நடக்கவைத்த இடுப்பு.

"அண்ணி," என்றாள். அந்த வார்த்தையை அவள் வாயால் கேட்டு எவ்வளவோ நாள் ஆகியிருந்தது. "எனக்குக் குனிஞ்சா நிமிர முடியல. நீங்க கை வைக்க வேணாம். வேற என்ன பண்ணலாம்னு மட்டும் சொல்லுங்க."

அக்கா எழுந்தாள். பக்கத்தில் போகவில்லை. "செருப்பைப் போட்டுக்கோ. நடக்கலாம்" என்றாள்.

வீட்டுக்கு எதிரே பள்ளி மைதானம். விளையாடியவர்கள் வீடு திரும்பிக்கொண்டிருந்தார்கள். இருவரும் ஓரமாக நடந்தார்கள். முதல் சுற்றில் டீச்சர் ஒரு கையை இடுப்பில் ஊன்றியே நடந்தாள். இரண்டாவது சுற்றில், "இன்னும் கொஞ்சம் மெதுவா போங்க அண்ணி" என்றாள் டீச்சர். அக்கா தன் நடையைக் குறைத்துக்கொண்டாள்.